கல்யாண மேசைக்குப் பூ: வாசகர் கேள்வி பதில்

மணமேடை அலங்காரம் பற்றிச் சென்ற இதழில் எழுதியதையடுத்துச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, விருந்து மேசைகளின் நடுவே வைக்கும் பூக்கிண்ணங்களை வீட்டிலேயே தயாரிப்பது பற்றியே கேட்டிருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால், அவற்றுள் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

"என் மகளுக்கு 2027 ஜனவரிக் கடைசியில், தை மாதத்தில் திருமணம். மொத்தம் 25 மேசைகள். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் நாங்களே வளர்த்த பூக்களைக் கொண்டு எல்லா மேசைகளுக்கும் கிண்ணம் வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ரோஜா, செவ்வந்தி, ஜினியா இவற்றில் எதை, எப்போது நடலாம்?"
ஒரு தாயார், ஈசூன்

அம்மா, மகளின் ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று செடிகளையும் இந்த வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு சாண் அகலமுள்ள தாழ்வான கிண்ணம் பார்வைக்கு நிறைவாக இருக்க, முகப்புப் பூ, அதாவது முதலில் கண்ணில் படும் பெரிய பூ, குறைந்தது ஆறு வேண்டும். 25 மேசைக்கு 150 பூ. தொட்டியில் வளரும் ஜினியாவை நுனி கிள்ளிக் கிளைக்க விட்டாலும், ஒரே நாளில் வெட்டத் தகுந்த பக்குவத்தில் நான்கைந்து பூக்களுக்கு மேல் கிடைப்பது அரிது. அப்படியானால் 30 தொட்டிகளுக்குக் குறையாமல் வேண்டும். தாழ்வாரத்தில் ஆட்கள் கடந்துபோக 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி; கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைப்பது கீழே நடப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டுக்கும் உட்பட்டு 30 தொட்டிகளை எங்கே வைப்பீர்கள்?

இடம் கிடைத்தாலும் வெயில் கிடைக்காது. ஜனவரிக் கடைசியில் பூக்க வேண்டுமென்றால் நவம்பரில் விதைக்க வேண்டும், அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். நாள்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும்போது ஜினியாவின் இலைகளில் சாம்பல் நோய் மாவு தூவியதுபோலப் படரும். மேலும், செப்டம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து போவதால், வடக்கு நோக்கிய தாழ்வாரங்களுக்கு அந்த மாதங்களில் நேர்வெயில் எட்டாது. ஜூன் மாதத்தில் நன்றாகப் பூத்த செடி டிசம்பரில் ஏன் வாடுகிறது என்று பல வாசகர்கள் கேட்பதற்கும் இதுவே விடை.

செவ்வந்திக்கு வேறொரு சிக்கல் உண்டு. இரவு நீளமாக இருந்தால்தான் அது மொட்டு வைக்கும். நமக்கு ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய 12 மணி நேரம் என்பதால், தண்டு நீளும் முன்னரே செடி பூத்துவிடுகிறது. கேமரன் மலையில் செவ்வந்தி பயிரிடுவோர், இளஞ்செடிகளின் மேல் இரவில் விளக்கெரித்து இரவைச் சுருக்கி, தண்டு வேண்டிய உயரம் வளர்ந்த பிறகே விளக்கை அணைக்கிறார்கள். தாழ்வாரத்தில் அதைச் செய்தால் எதிர்வீட்டுக்காரர் சும்மா இருக்கமாட்டார். ரோஜாவைப் பொறுத்தவரை, கவாத்து செய்து ஆறு ஏழு வாரங்களில் பூத்துவிடும் என்பது உண்மையே. ஆனால் இங்குள்ள சூட்டில் பூ சிறுத்து, மலர்ந்த இரண்டு மூன்று நாள்களில் இதழ் கொட்டிவிடுகிறது. குறித்த ஒரு முகூர்த்த நாளுக்கு அதை நம்பி இருக்க முடியாது.

ஆகவே என் யோசனை இது: முகப்புப் பூவை வாங்கிவிடுங்கள்; இலையையும், உலர வைத்துச் சேர்க்கக்கூடிய பூவையும் வீட்டில் வளருங்கள். கடையில் வாங்கும்போது இலைக்கும் இடைநிரப்பும் சிறு பூக்களுக்கும்கூடப் பணம் கரையும். கிண்ணத்தின் பாதிக்கு மேல் அவையே நிறைந்திருப்பதால், "எங்கள் வீட்டில் வளர்ந்தது" என்று உங்கள் மகள் தயங்காமல் சொல்லிக்கொள்ளலாம்.

உலர வைக்கும் பூ என்று நான் சொல்வது முதன்மையாக வாடாமல்லியை. எல்லாப் பூவும் ஒரே நாளில் மலர வேண்டும் என்ற நெருக்கடியே இதில் இல்லை. வாரந்தோறும் நாலும் ஐந்துமாக வெட்டிச் சேர்த்துக்கொண்டே வரலாம், நிறமும் மங்காது. விதையிட்டுப் பூப்பதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும் என்பதால், ஆகஸ்டு இறுதியில் விதைத்துவிடுங்கள். விதையின் மேல் பஞ்சுபோன்ற உறை இருக்கும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். பூவின் உருண்டை கையில் அழுத்தமாகத் தட்டுப்படும் பருவத்தில், காலையில் ஈரம் காய்ந்த பிறகு, தண்டோடு வெட்டிப் பத்துப் பன்னிரண்டாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். மதுரையிலோ தஞ்சாவூரிலோ திண்ணையில் தொங்கவிட்டால் போதும். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி என்பதால், குளிரூட்டி ஓடும் படுக்கையறையிலோ மின்விசிறியின் எதிரிலோ தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்ததும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கோழிக்கொண்டையையும் இதே முறையில் சேர்க்கலாம், ஆனால் அதன் மடிப்புகளுக்குள் சிறு பூச்சிகள் ஒளிந்திருக்கும். கட்டுவதற்கு முன் உதறிவிடுவது நல்லது.

இலைகளில் முதலிடத்தை வெற்றிலைக்குக் கொடுப்பேன். வெயில் குறைந்த தாழ்வாரமே அதற்குப் பிடித்த இடம். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. மங்கலப் பொருள் என்பதோடு, பறித்த பின்னும் பல நாள் பளபளப்புக் குறையாது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி நுனி வெளியே தெரியும்படி ஏழெட்டு வெற்றிலைகளை அடுக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். அடுத்தது மணிபிளான்ட். அதன் கொடியை வெட்டித் தண்ணீரில் போட்டால் வாடாதது மட்டுமன்று, வேரே விட்டுவிடும். எனவே இலை வேலையைக் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே முடித்து வைத்துக்கொள்ளலாம். பெரணியும் பாண்டான் இலையும் உங்கள் விருப்பம். கறிவேப்பிலைக் கொத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். விருந்தினர் மனம் சாம்பாருக்குப் போய்விடும்.

"என் திருமணத்துக்குப் பூவை வளர்க்கும் எண்ணம் எனக்கில்லை, மொத்தமாக வாங்கி நண்பர்களோடு சேர்ந்து கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். எங்கே வாங்குவது, எத்தனை நாள் முன்பு வாங்குவது? குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா? திருமணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை."
மணமகன், ஜூரோங்

தம்பி, மூன்று இடங்களைச் சொல்கிறேன். உதிரிப் பூ, சரம், மாவிலை, வாழையிலை ஆகியவற்றுக்குத் தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரத்தை, அதிலும் பஃப்ளோ சாலையையும் கேம்பல் லேனையும் விட்டால் வேறிடமில்லை. தண்டோடு வெட்டிய ரோஜா, ஆர்க்கிட் போன்றவற்றைக் கட்டுக் கட்டாக வாங்க, தாம்சன் சாலையிலுள்ள ஃபார் ஈஸ்ட் ஃப்ளோராவின் குளிர் அறைக்குள் நீங்களே நுழைந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். மேல்சட்டை ஒன்று கொண்டுபோங்கள். குறைந்த அளவு போதுமென்றால், வாட்டர்லூ ஸ்திரீட் கோயில் அருகிலுள்ள பூக்கடைகளில் தாமரையும் செவ்வந்தியும் கிடைக்கும்.

எந்த மாதம், எந்தத் தேதியில் திருமணம் என்பதை நீங்கள் எழுதவில்லை. தை மாதமென்றால் நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். பொங்கலும் தைப்பூசமும் நம் பூக்களின் விலையை ஏற்றும். சீனப் புத்தாண்டு நெருங்கினால் ஆர்க்கிட் தொட்டிகளுக்கும் செவ்வந்திக்கும் கிராக்கி கூடும். பிப்ரவரி 14 வந்தால் ரோஜாவை விலை கேட்கவே தயக்கமாக இருக்கும். 2027ஆம் ஆண்டில் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6ஆம் தேதி வருவதால், இவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழப்போகின்றன. அந்த வாரங்களில் நேரில் போய்ப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்காமல், ஒரு மாதம் முன்பே கடைக்காரரிடம் சொல்லி, முன்பணம் கட்டி வைப்பதே புத்திசாலித்தனம்.

முகப்புப் பூவாக நான் பரிந்துரைப்பது டென்ட்ரோபியம் ஆர்க்கிட். நம் வெப்பத்துக்குப் பழகிய பூ. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். ஒரே தண்டில் பல பூக்கள் இருப்பதால், ஒரு கிண்ணத்துக்கு மூன்று தண்டு போதும். வாங்கும்போது தண்டின் அடிப்பக்கப் பூக்களைப் பாருங்கள். நுனியில் ஒன்றிரண்டு மொட்டு விரியாமல் இருப்பது இயல்பு. ஆனால் அடிப் பூவின் இதழ் எண்ணெய் பட்ட காகிதம்போல ஊடுருவித் தெரிந்தால் அது பழைய சரக்கு. ரோஜாவாக இருந்தால், இதழ்கள் காம்போடு சேரும் இடத்தை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். தேசிய மலரையே வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 1981இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோகிம் செடியில் இருக்கும்போதுதான் அழகு. கொய்த பிறகு டென்ட்ரோபியம் அளவுக்குத் தாங்காது.

ஞாயிறு காலைத் திருமணத்துக்கு ஆர்க்கிட்டை வியாழனன்றும், ரோஜா சற்றே விரிய வேண்டுமென்பதால் அதை வெள்ளியன்று காலையிலும் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்டின் அடியைச் சாய்வாக இரண்டு விரற்கடை வெட்டி, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளையெல்லாம் உருவிவிட்டு, வாளியில் நிறுத்தி வையுங்கள். கடையில் தரும் பூ உணவுப் பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையும் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் கரைத்து, அரைத் தேக்கரண்டி குளோராக்ஸ் (துணி வெளுக்கும் திரவம்) விட்டுக் கலக்கலாம். சாற்றையும் குளோராக்ஸையும் தண்ணீரில்லாமல் ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வெளிப்படும். வாளிகளைப் பல நாள் அப்படியே விட்டுவிட்டால் கொசு முட்டையிடும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றுங்கள்.

குளிர்பதனப் பெட்டியில் ரோஜாவை வைக்கலாம். ஆர்க்கிட்டையும் ஆந்தூரியத்தையும் வைக்கவே கூடாது. இத்தகைய வெப்பநாட்டுப் பூக்களுக்கு 10 பாகைக்குக் கீழ் போனாலே இதழ் கருகும். வீட்டுப் பெட்டியின் குளிர் ஏறக்குறைய 4 பாகை. அவற்றுக்கு, குளிரூட்டி ஓடும் அறையே போதும். ஆனால் எந்த அறை என்பதில் கவனம் வேண்டும். கல்யாண வீட்டில் பெரும்பாலும் குளிரூட்டி உள்ள ஓர் அறையில்தான் சீர்வரிசைத் தட்டுகளையும் வாழைப்பழச் சீப்புகளையும் அடுக்கி வைப்பார்கள். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. பூவை முதுமையடையச் செய்வது அந்த வாயுதான். இரவு முழுவதும் பழத்தட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஆர்க்கிட், காலையில் தொட்டாலே உதிரும். பூவுக்கு ஓர் அறை, பழத்துக்கு வேறோர் அறை என்று வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிண்ணங்களைச் சனிக்கிழமை பிற்பகலில் தண்ணீரோடு கட்டி முடித்து, மண்டபத்துக்கு எடுத்துப்போகும்போது மட்டும் தண்ணீரை வடித்து, போய்ச் சேர்ந்ததும் மீண்டும் ஊற்றுங்கள்.

"எங்கள் புளோக்கைச் சுற்றிக் காகிதப்பூவும் இட்லிப்பூவும் கொட்டிக் கிடக்கின்றன. மேசை அலங்காரத்துக்குக் கொஞ்சம் பறித்துக்கொண்டால் தவறா?"
ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

தவறுதான். பூங்காக்களில் அனுமதியின்றிப் பூப் பறிப்பது சட்டப்படி குற்றம். புளோக்கைச் சுற்றியுள்ள செடிகள் நகர மன்றத்தின் பராமரிப்பில் உள்ளவை. தவிர, காகிதப்பூவைத் தண்ணீரில் வைத்தாலும் சில மணி நேரத்தில் துவண்டுவிடும். தேசியப் பூங்காக் கழகம் 2005 முதல் ஊக்குவித்துவரும் சமூகத் தோட்டம் உங்கள் வட்டாரத்தில் இருந்தால், அதைப் பராமரிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்கு என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு.

"மேசைக் கிண்ணத்தில் மல்லிகை வைத்தால் மதியத்துக்குள் பழுத்துப் போகிறது. மல்லிகை இல்லாமல் கல்யாணமா என்று மாமியார் கேட்கிறார்."
ஒரு வாசகி, பிடோக்

உங்கள் மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கிண்ணத்தில் வைப்பதில்தான் இல்லை. மல்லிகையை மொட்டாகப் பறித்து, மாலையில் மலர்ந்து, மறுநாள் வாடும் பூவாகவே இயற்கை படைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வந்து நம் கைக்குச் சேரும்போது அதன் ஆயுளில் பாதி கழிந்திருக்கும். தொடுத்த சரத்துக்குத் தண்ணீரை உறிஞ்சத் தண்டும் கிடையாது. மண்டபத்தின் குளிர்காற்று மிச்ச ஈரத்தையும் எடுத்துவிடும். இதில் தை மாதக் கல்யாணமென்றால் செலவும் சேர்ந்துகொள்ளும்: மார்கழி, தைப் பனியில் மதுரைப் பக்கம் மல்லிகை விளைச்சல் குறைந்து, பொங்கலை ஒட்டி விலை ஏறுவது ஆண்டுதோறும் நடப்பது.

எனவே மல்லிகையை எல்லா மேசைகளுக்கும் பரப்பாமல், மணமக்களின் மேசைக்கும் பெற்றோர் அமரும் மேசைக்கும் மட்டும் ஒதுக்குங்கள். சரத்தை ஈரம் சொட்டாத வாழையிலையில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்திருந்து, விருந்தினர் அமர்வதற்குச் சற்று முன்னால் கிண்ணத்தைச் சுற்றி வளைத்துவிட்டால் போதும். முதல் நாள் இரவே தண்ணீர் தெளித்து வைப்பவர்கள் உண்டு. தண்ணீர் நின்ற இதழ்தான் முதலில் பழுக்கும். மற்ற மேசைகளுக்கு மணம் வேண்டுமென்றால் தண்டோடு கூடிய சம்பங்கியை ஒன்றிரண்டாகச் செருகலாம். அதற்கு மேல் வைத்தால் சாப்பாட்டின் வாசனை எடுபடாது.

"விருந்துக்கு வருவோரில் பாதிப்பேர் என் கணவரின் சீன நண்பர்கள். மஞ்சள் செவ்வந்தி வைக்கலாமா?"
ஒரு வாசகி, செங்காங்

மணமேடையிலும் மாலையிலும் தாராளமாக வையுங்கள். அது நம் வழக்கம் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் அமர்ந்து சாப்பிடும் மேசையின் நடுவில், வெள்ளை அல்லது மஞ்சள் செவ்வந்தியை மட்டும் நிறைத்து வைப்பதைத் தவிர்க்கலாம். சீனர்களின் இறுதிச் சடங்குகளிலும் கல்லறை வழிபாட்டிலும் இடம்பெறும் பூ அது. சிவப்பு, இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் நிறப் பூக்கள் எல்லோருக்கும் ஏற்றவை. ஃபிராங்கிபானியையும் தவிர்க்க வேண்டிய பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர்களில் பலருக்கு அது அடக்கத்தலத்தை நினைவூட்டும் மரம். அரளியை ஒதுக்கச் சொல்வதற்கு வழக்கம் காரணமன்று: அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, சாப்பாட்டு மேசையில் அதற்கு இடமே கிடையாது. லில்லி வைப்பதானால் மகரந்தப் பைகளை முன்னதாகவே கிள்ளிவிடுங்கள். பட்டுப்புடவையில் அந்தப் பொடி பட்டால் கறை போகாது.

"பூவைச் செருக விற்கும் பச்சைப் பஞ்சுக் கட்டி பிளாஸ்டிக் என்கிறார்களே, அதற்கு மாற்று உண்டா?"
ஒரு வாசகர், தெம்பனிஸ்

அது பிளாஸ்டிக்தான், உதிரும் துகள் மண்ணில் மக்குவதில்லை. கையிருப்பில் இருப்பதைப் பயன்படுத்துவதானால், அழுத்தி முக்காமல், தண்ணீரின் மேல் வைத்துத் தானாக மூழ்க விடுங்கள். அழுத்தினால் உள்ளே காற்று தங்கி, அங்கே செருகிய தண்டுக்குத் தண்ணீர் கிடைக்காமல் போகும்.

எளிய மாற்று, கிண்ணத்தின் வாயின் குறுக்கும் நெடுக்குமாக ஒளிபுகும் ஒட்டுநாடாவைக் கட்டம் கட்டமாக ஒட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தண்டை இறக்குவது. எனக்குப் பிடித்தது வாழைமரத் துண்டு. தாய்லாந்தில் ஆற்றில் மிதக்கவிடும் பூத்தட்டுகளுக்கு அதுதான் அடித்தளம். நமக்கோ, வாசலில் கட்டும் வாழைமரம் வாங்கும் கடையிலேயே கூடுதலாக ஒரு மரம் சொல்லிவைத்தால் கிடைத்துவிடும். நான்கு விரற்கடை தடிமனுக்கு வட்டமாக நறுக்கினால், உள்ளே அடுக்கடுக்கான அறைகளில் நீர் தேங்கி நிற்பதைப் பார்க்கலாம். ஆர்க்கிட், வாடாமல்லி போன்றவற்றைத் தென்னை ஈர்க்கிலோ பல்குத்தும் குச்சியிலோ கோத்து அதில் செருகினால் அசையாமல் நிற்கும். ஒரு பகல் விருந்துக்கு இது தாராளம். தண்ணீரை நிறையக் குடிக்கும் ரோஜாவுக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கும் மட்டும் போதாது. வாழைத் துண்டை வெட்டிய உடனே மேசையில் வைத்துவிடாதீர்கள். வாழைச்சாற்றின் கறை துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. முதல் நாள் மாலையே நறுக்கி, பழைய செய்தித்தாளின் மேல் நிறுத்திச் சாற்றை வடியவிட்டு, காலையில் அடியையும் பக்கத்தையும் வாழையிலையால் சுற்றி ஈர்க்குக் குத்தி, ஒரு தட்டின் மேல் வைத்த பிறகே பூவைச் செருகுங்கள்.